தன்ராஜ் மாஸ்டரின் அறை

சென்னையில் பியானோ வியாபாரத்துக்கு வயது அதிகம். இன்றும் அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல், 1842-இல் மிஸ்குவித் என்பவர் தொடங்கிய கடை. அந்தப் பியானோக்களை இந்த ஊரில் காப்பாற்றுவதே பெரும்பாடு. கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் மரம் உப்பி, அழுத்திய கட்டை மேலே வராது.

வாசிப்பவரின் பாடும் எளிதாக இல்லை. வெள்ளைக்காரர்கள் கிளம்பிய பிறகு, டிக்கெட் வாங்கிப் பியானோ கேட்கக் கூட்டம் ஏது? தேவாலயம், வானொலி, டியூஷன், மூன்றையும் சேர்த்துத்தான் பிழைப்பு. ஹேண்டல் மானுவல் அருமையான பியானோ கலைஞர். அவரும் கச்சேரியோடு நிற்கவில்லை; அகில இந்திய வானொலியில் பணியாற்றினார், 1893-இல் பிறந்த மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனின் பாடகர் குழுவை நடத்தினார்.

பாடம் சொல்லிக்கொடுத்தே தமிழர் காதையே மாற்றியவர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூர் சாய் லாட்ஜில் ஓர் அறை. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். பண்ணைப்புரத்திலிருந்து 1968-இல் சென்னை வந்த ராசையா அங்கே மாணவராகச் சேர்ந்தார். பெயரை 'ராஜா' என்று சுருக்கியவர் மாஸ்டர்தான். முன்னால் 'இளைய' ஒட்டிக்கொண்டது 1976-இல், 'அன்னக்கிளி' படத்தின்போது.

மாஸ்டர் கொடுத்தது விரல் பயிற்சி மட்டுமல்ல. ஸ்டாஃப் நொட்டேஷன், ஹார்மனி, இரண்டு மெட்டுகள் ஒன்றையொன்று மிதிக்காமல் ஒரே நேரத்தில் நடக்கும் கவுன்டர்பாயின்ட் எல்லாம் அதில் அடக்கம். ஆரணியில் பட்டுப் புடவையின் டிசைனைக் கட்டம்போட்ட தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டு, அதன் பிறகே ஜக்கார்டு தறியில் ஏற்றுவார்கள். சினிமா ஆர்கெஸ்ட்ராவுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும். வயலின்காரருக்கும் புல்லாங்குழல்காரருக்கும் தனித்தனி வரி எழுதியாக வேண்டும். வாயால் பாடிக் காட்டி அத்தனை பேரையும் ஒன்றாக வாசிக்க வைக்க முடியாது. கையில் வாத்தியம் இல்லாமலே பின்னணி இசையை நேராகத் தாளில் எழுதும் இளையராஜாவின் பழக்கத்துக்கு அடித்தளம் இந்தப் பாடம். கிட்டாரில் அவர் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தங்கப் பதக்கமும் வாங்கினார். 1986-இல் தன் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் வெளியானபோது தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் அதைக் காணிக்கையாக்கினார். அந்த பாக்கை அவருக்கு அறிமுகப்படுத்தியது மாஸ்டரின் வகுப்பு.

அதே மாஸ்டரிடம் சிறுவனாகப் பியானோ படித்தவர் ஏ.ஆர். ரஹ்மான். 2008-இல் அவர் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். லாட்ஜ் அறையில் ஒருவர் தனியாகச் சொல்லிக்கொடுத்த மேற்கத்திய இசைக்கு அங்கே முறையான பாடத்திட்டமும் பியானோ வகுப்பும் வந்தன.