வணிகர் கூட்டமும் நாட்டு வளமும்

பொருளீட்டுதல் தனியொருவன் முயற்சியாலும் கைகூடும். ஆயின் பொருள் பெருகுதற்குரிய வழிகளை அமைத்தல் தனியொருவனால் ஆவதன்று. சாலையும், இருப்புப்பாதையும், துறைமுகமும், நேரிய வரியும், பிணக்குத் தீர்க்கும் நடுவர் மன்றமும் பலர் கூடிக் கேட்டாலன்றி எய்தா. இவ்வுண்மையை மதுரை நாட்டு வணிகர் எக்காலத்தே உணர்ந்தனர், உணர்ந்து யாது செய்தனர் என்பதை நம் சமூகத்தார் அறிந்துகொள்ளுதல் நலம். அறிந்தவழி, "நம் சங்கம் நமக்கிருக்க, பொது வர்த்தகச் சங்கம் எதற்கு?" என்று நம்மிற் சிலர் எழுப்பும் வினாவுக்கும் விடை கிடைக்கும்.

மதுரை மாநகரின் வடகிழக்கே, மேலூர் செல்லும் சாலையில் அமைந்தது மாட்டுத்தாவணி. தாவணி என்னும் சொல் மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நெடுங்கயிற்றையும், மாட்டுச் சந்தையையும் குறிப்பது. கால்நடை விலைபேசிய அவ்விடத்தில் 1999-ஆம் ஆண்டு பெரியதொரு பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. பின்னர், மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நெருக்குண்டு கிடந்த காய்கறிச் சந்தையும் பூ வாணிகமும் அப்பக்கத்திற்கே பெயர்ந்தன. ஊர் வளருந்தோறும் சந்தை இடம் பெயர்தல் இயல்பே. ஆயின் பெயருங்கால் பெருவணிகனுக்குக் கடை கிடைக்கும்; தலைச்சுமைக் கூடைக்காரியின் இடம் யாது என்று கேட்பார் வேண்டும். அவ்வாறு கேட்கும் குரலே வணிகர் கூட்டத்தின் முதற் பயன்.

இக்கூட்டம் நம் நாட்டிற்குப் புதிதன்று. மேலூர்ச் சாலையிலேயே மேலும் சென்றால் வெள்ளரிப்பட்டி என்னும் ஊர் உளது. அப்பகுதியைச் சார்ந்த மாங்குளத்து மலைக்குகையில், ஏறத்தாழ ஈராயிரத்து நூறு ஆண்டுகட்கு முற்பட்ட எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் காணும் அக்குகைகளிலேயே, வெள்ளறை நிகமத்தோர் சமண முனிவர்க்குச் செய்த அறமும் குறிக்கப்பெற்றுள்ளது. நிகமம் என்பது வணிகர் குழு. வெள்ளறையாவது இற்றை வெள்ளரிப்பட்டியே என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கொள்கை. அண்மையிலுள்ள அழகர்மலைக் குகையில் உப்பு வணிகனும், அறுவை வணிகனும், கொழு வணிகனும், மதுரைப் பொற்கொல்லனும் தத்தம் பெயரைப் பொறித்துச் சென்றனர். வெவ்வேறு பண்டம் விற்றோர் ஓரறத்தில் ஒன்றுகூடிய செய்தி இது.

இடைக்காலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் கடல் கடந்தும் புகழ் பரப்பினர். அண்மைக் காலத்தில் இப்பண்பு மகமை என்னும் வடிவெடுத்தது. மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று விற்பனையினின்றும் சிறு பகுதியைப் பொது நிதிக்கு ஒதுக்குவது மகமையாம். நகரத்தார் தாம் தொழில் செய்த இடமெல்லாம் மகமை வைத்துத் தருமம் நடத்தினர். நாடார் வணிகர் அந்நிதிகொண்டு பேட்டைகளும், கிணறுகளும், பள்ளிகளும் கண்டனர். விருதுநகரில் 1889-ஆம் ஆண்டு தோன்றிய க்ஷத்ரிய வித்யாசாலை இவ்வாறு பொதுநிதியால் வளர்ந்தது. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான காமராசர் அங்குப் பயின்றவரே.

மகமையின் பெருமை இத்தகைத்து. எனினும் அதற்கோர் எல்லை உண்டு. அது ஓரூரில் ஒரு குலத்தார் தம்முள் வகுத்த கட்டு. இருப்புப்பாதைக் கட்டணம் மிகுந்தாலோ, சர்க்கார் புதுவரி விதித்தாலோ, ஒரு குலத்தார் மட்டும் சென்று முறையிடின், "இது உங்கள் குறை" என்று தள்ளிவிடுதல் ஆள்வோர்க்கு எளிது. ஊரார் அனைவரும் ஒருமுகமாய் நிற்பின் அது நாட்டின் குறையாகிவிடும்.

அத்தகைய நிலை மதுரைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1875-இல் திருச்சியினின்று இருப்புப்பாதை மதுரையை எய்தியது. மறு ஆண்டு தூத்துக்குடி வரை நீண்டது. 1889-இல் ஹார்வி கம்பெனியார் மதுரை ஆலையை நிறுவினர். 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வையைச் சமவெளிக்குப் பாய்ந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட, இலங்கை வாணிகமும் எளிதாயிற்று. பருத்தியும் நெல்லும் நூலும் மிளகாய் வற்றலும் வண்டியேறத் தொடங்கின. ஆயின் வண்டிக் கட்டணத்தையும் துறைமுக விதியையும் வகுத்தவர் அயலார். சென்னையில் 1836 முதலே ஐரோப்பிய வணிகர்க்கு வர்த்தகச் சங்கம் இருந்தது. இந்திய வணிகர்க்கென 1909-இல் தென்னிந்திய வர்த்தகச் சங்கம் அங்கேயே தோன்றியது. தென்பாண்டி நாட்டின் குறைகளைச் சென்னையிலிருப்போர் எவ்வளவு அறிவர்?

இக்குறை நீங்க 1924-ஆம் ஆண்டு மதுரையில் மதுரை–இராமநாதபுரம் வர்த்தகச் சங்கம் நிறுவப்பெற்றது. 1910-இல் புதிதாய் வகுக்கப்பட்ட இராமநாதபுரம் ஜில்லாவையும் உடன் சேர்த்தமை கருதத்தக்கது. விருதுநகரும், சிவகாசியும், அருப்புக்கோட்டையும், காரைக்குடியும் அன்று அந்த ஜில்லாவினுள் அடங்கியவை. சர்க்கார் கிழித்த எல்லைக்கோடு வாணிகத்தைப் பிரிக்கலாகாது என்பதைப் பெயரிலேயே நாட்டினர். மாங்குளக் குகையெழுத்து முதலியன தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் அறிஞர் அவையில் எடுத்துக்காட்டியதும் அதே 1924-இல்தான். பழைய நிகமம் வெளிப்பட்ட ஆண்டிலேயே புதிய நிகமம் பிறந்தது எனலாம். அச்சங்கமே இன்று தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கம் என்னும் பெயரோடு மதுரையில் நடைபெறுகின்றது.

இத்தகைய சங்கங்கள் செய்யும் பணி யாவை? வரியும் விதியும் வகுக்கும் அதிகாரிகட்கு வணிகர் நிலையை எண்ணும் கணக்கும் காட்டி விளக்குதல். புதிய சட்டங்களை உறுப்பினர்க்கு எளிய நடையில் அறிவித்தல். பண்டம் இந்நாட்டில் உண்டானதே என்று ஏற்றுமதியாளர்க்குச் சான்று வழங்குதல். வணிகர் பிணக்கை நீதிமன்றம் ஏறாமல் தீர்த்தல். இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி தருதல் ஆகியன.

இவற்றுள் முறையீடே அரியது, பொறுமை வேண்டுவது. சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய பதினோராம் ஆண்டில் தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வைச் சட்டம் வந்தது. இயந்திர ஆலைக்கும் கைத்தொழிற் கூடத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் இயற்றுவோர்க்கு விளக்குதல் ஒரு நாளில் முடியும் காரியமோ? அஃதன்றி, ஏலக்காய் வாணிகத்திற்குப் பேர்போன போடிநாயக்கனூருக்கு 1928-இல் மதுரையினின்று இருப்புப்பாதை இட்டனர். அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010 இறுதியில் அப்பாதை நிறுத்தப்பட்டது. 2022-இல் தேனிக்கும், 2023-இல் போடிக்கும் மீண்டும் வண்டி ஓடிற்று. பன்னிரண்டு ஆண்டு ஒரு கோரிக்கையை நினைவூட்டிக்கொண்டே இருத்தல் தனி வணிகனுக்கு இயலாது, சங்கத்திற்கே இயலும். மதுரை விமான நிலையத்திற்குச் சர்வதேச நிலை வேண்டுமென்று நம் மதுரைச் சங்கம் நெடுங்காலம் முறையிட்டு வந்தமையும் ஊரறிந்ததே. 2012-இல்தான் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் அங்கிருந்து புறப்பட்டது.

இனி ஒரு குறையையும் மறைக்காது கூறுவோம். பெருவணிகர் மட்டும் கூடி விருந்துண்டு கலையும் சங்கத்தால் நாடு வளம் பெறாது. நிலக்கோட்டையிலும், திருமங்கலத்திலும், உசிலம்பட்டியிலும் விடியுமுன் மொட்டுப் பறிக்கும் பெண்டிரே மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் வேர். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தோர் மல்லிகை பயிரிடுவோர் சங்கத்தாரே. விளைவிப்போனும் ஒன்றுகூடினால் பயனுண்டு என்பதற்கு இது சான்று. எனினும் முகூர்த்த நாளில் பொன்விலை விற்கும் மல்லிகை, வரத்து மிகுந்த நாளில் கூலிக்கும் கட்டாமற் போகின்றது. குளிர்காப்புக் கிடங்கும், வாசனைத்தைலம் வடிக்கும் தொழிற்சாலையும், விரைந்த ஏற்றுமதியும் பெருகினாலன்றி இவ்வேற்றத்தாழ்வு தீராது. அவற்றிற்கு முதல் திரட்டுவதும், வழி கேட்பதும் வர்த்தகச் சங்கங்களின் கடமை. சங்கத்தின் சிறப்பை உறுப்பினர் செல்வத்தால் அளத்தல் தவறு. உறுப்பினரல்லாதார் பெற்ற நன்மையால் அளத்தலே முறை.

ஆதலின் முன்னெழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: குலச் சங்கம் நமக்குக் கல்வி தந்தது, ஒழுக்கம் தந்தது, முதல் தந்தது, அது தாய்வீடு. ஆயின் தாய்வீட்டிலிருந்தபடியே உலகை ஆளலாகாது. ஒரே வண்டியில் ஏறும் பருத்திக்கும் பூவுக்கும் குலமில்லை. ஒரே வரி எல்லார் கணக்கிலும் விழுகின்றது. நம் இளைஞர் பொது வர்த்தகச் சங்கத்திற் சேர்க. சேர்ந்து நமக்கென மட்டும் பேசாது, மாட்டுத்தாவணியில் கூடையிறக்கும் ஏழைக்காகவும் பேசுக. ஒரு நெடுங்கயிற்றில் பல மாடுகளைப் பிணித்த இடம் அது. பல குலத்து வணிகரையும் பிணிக்கும் கயிறு பொதுநலம் என்பதை அவ்வூர்ப் பெயரே நமக்கு உணர்த்துவதாகுக.