விற்கப்படாத வெளி

நம் ஊர்களின் வரலாற்றைக் கோட்டைகளையும் கோயில்களையும் கொண்டே எழுதி வந்துள்ளோம். பழவேற்காடு என்றதும், 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகப் போற்றும் மகிமை மாதா ஆலயமும், 1613இல் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்திரியா கோட்டையும், அவர்தம் கல்லறைத் தோட்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை கட்டப்பட்டவற்றின் வரலாறு. கட்டாமல் விடப்பட்ட நிலத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. மீஞ்சூர், பொன்னேரி, காட்டூர் வட்டாரத்தில் வயல்கள் மனைகளாக மாறிவரும் இந்நாளில் அதனை அறிவது நம் கடமையாகும்.

பண்டைத் தொண்டை மண்டலத்து ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மட்டுமன்று. குடியிருப்புக்கு நத்தம், மாட்டுக்கு மேய்ச்சல் நிலமும் மந்தைவெளியும், நெல்லுக்குக் களம், நீருக்கு ஏரி, நிழலுக்குத் தோப்பு, இறந்தோர்க்கு இடுகாடு என யாவும் சேர்ந்ததே ஊர். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. நீர்நிலையையும் தோட்டத்தையும் காப்பது ஊராட்சியின் பொறுப்பாகவே இருந்தது. ஆயினும் அவ்வூர்களைப் பொற்காலமாகப் பாடிவிட முடியாது. சேரி மக்களுக்கு ஊர்க் கிணறும் ஊர்க் குளமும் மறுக்கப்பட்டதை நாம் மறைத்தலாகாது. பொதுவெளி எல்லோர்க்கும் பொதுவாதல் என்பது இன்னும் நிறைவேற வேண்டிய நீதியாகும்.

வெள்ளையர் ஆட்சியின் நில அளவை, வரி செலுத்தும் நிலத்தையே மதிப்புள்ளதாகக் கண்டது. ஏரியும் ஓடையும் மேய்க்காலும் வரிக்கணக்கிற்கு வெளியே நின்றமையால் 'புறம்போக்கு' எனப்பட்டன. அச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. ஊரையே வாழவைத்த நிலம், வருவாய் தராத காரணத்தால் மதிப்பிழந்த கதை அவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

இதன் சுமையைப் பழவேற்காட்டு மீனவர்கள் நன்கறிவர். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் அவர்களுடையது. கரையிலும் அவ்வாறே. படகை இழுத்து நிறுத்தவும், வலையை விரித்துப் பழுது பார்க்கவும், கருவாடு காயவைக்கவும் அவர்களுக்குத் திறந்த மணல்வெளி வேண்டும். அதற்குத் தனியொருவர் பெயரில் பட்டா இராது. ஆகவே வெளியிலிருந்து வரைபடத்துடன் வருபவரின் கண்ணுக்கு அது வெற்றிடமாகத் தோன்றுகிறது. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை, மீனவரின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டுமென்றது. பலநூறாண்டுப் புழக்கம் அரசின் ஏட்டில் இடம்பெற அத்தனை காலம் ஆயிற்று.

மனைப்பிரிவு இயற்கையை எவ்வாறு விழுங்குகிறது என்பதற்குச் சென்னையிலேயே சான்றுண்டு. மயிலாப்பூர், மாம்பலம் பகுதிகளில் நீண்டு கிடந்த பெரிய ஏரி 1920களில் உடைக்கப்பட்டு, அந்நிலத்தில் மாம்பலம் வீட்டுவசதித் திட்டம் உருவாயிற்று. அதுவே தியாகராய நகர். அழகிய தெருக்களும் நடுவே பனகல் பூங்காவும் அமைத்தார்கள். பூங்காவைத் தந்தவர்களே ஏரியை எடுத்துக்கொண்டார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்று பொருள்படும் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது. காண ஏரிதான் இல்லை. பெருமழையில் அவ்வட்டாரத் தெருக்களில் நீர் நிற்கும்போது பழைய ஏரி தன் இடத்தைத் தேடி வந்ததாகவே தோன்றுகிறது.

காட்டூரில் நிலைமை இன்னும் நுட்பமானது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஊடுருவியது. 1960களிலேயே இது கண்டறியப்பட்டது. காட்டூர், தத்தைமஞ்சி ஏரிகளை ஆழப்படுத்தி இணைக்கும் பணி அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்று, உவர்நீரைத் தடுப்பதாகும். ஏரிக்கு நீர் கொணரும் வாய்க்கால் மனையாகிவிட்டால் ஏரியை ஆழப்படுத்தி என்ன பயன்?

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1991இல் பெங்களூரு பூங்கா வழக்கில், பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தரலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளங்களும் ஓடைகளும் சமூகத்தின் பொதுச் செல்வமென 2001இல் கூறியது. தமிழகத்தில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் செய்து தரவேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. எனினும் 2017இல் அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்தவே திட்டம் வந்தது. வீடு கட்டிய ஏழையை வெளியேற்ற முடியாது என்பது உண்மை. விற்றவர் ஆதாயத்துடன் விலகிக்கொண்டார் என்பதும் உண்மை.

திருமறை இதனை முன்பே பேசியுள்ளது. எண்ணிக்கை நூல் 35ஆம் அதிகாரம் லேவியர் நகர்களைச் சுற்றி மேய்ச்சல் நிலம் விடுமாறு பணிக்கிறது. லேவியர் நூல் 25ஆம் அதிகாரமோ, வீட்டை விற்றாலும் அம்மேய்ச்சல் நிலத்தை விற்கலாகாது என்கிறது. வீட்டோடு வீடு சேர்த்து, பிறர்க்கு இடமில்லாமற் செய்வோர்க்கு எசாயா 5ஆம் அதிகாரத்தில் 'ஐயோ கேடு' என்கிறார். திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும், நகரின் பொது இடங்களைக் காப்பது மக்களிடையே 'இது நம் ஊர்' என்னும் உணர்வை வளர்க்கும் என்று எடுத்துரைக்கிறது.

ஆகவே மனை வாங்கும் நம் குடும்பங்கள் விலையை மட்டும் கேட்டு அமையலாகாது. திறந்தவெளி எங்கே, அது உள்ளாட்சிக்குப் பதிவாயிற்றா, புலப்படத்தில் வாய்க்கால் உண்டா எனக் கேட்பது கிறிஸ்தவக் கடமையே. பொதுநிலம் பறிபோகையில் கிராம சபையில் எழுந்து நிற்பதும் அவ்வாறே. நம் ஆலய வளாகங்களிலும் கடைகள் கட்டி வாடகை பெறும் எண்ணம் எழுவதுண்டு. அவ்வேளையில் அங்கே விளையாடும் எல்லாச் சமயத்துச் சிறுவரையும், வெள்ளத்தின்போது அங்கே வந்து தங்கும் குடும்பங்களையும் பங்குப் பேரவை எண்ணிப் பார்க்கட்டும். நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் அந்நியரும் தற்காலக் குடிகளுமே என்று லேவியர் நூலின் அதே அதிகாரம் நமக்கு நினைவூட்டுகிறது.