புலித்தோல் உரிமைச் சான்றும் அடையாளக் குறியும் (திருநெல்வேலி வட்டாரம்)

புலி, சிறுத்தை, காட்டுப்பூனை முதலியவற்றின் பழைய தோலையோ பாடம் செய்த தலையையோ பல், நகங்களையோ ஒருவர் தம் வீட்டில் சட்டப்படி வைத்துக்கொள்வதற்கு மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் தரும் ஆவணம் உரிமைச் சான்று. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி இது வழங்கப்படுகிறது. சான்று தரும்போது, இயன்றவரை பொருளின்மேலேயே அடையாளக் குறி இடவும் அந்தப் பிரிவு வழிசெய்கிறது. புதிதாகக் கொன்ற விலங்கின் தோலுக்கு இந்தச் சான்று கிடையாது. பாட்டன், பூட்டன் காலத்தில் வீட்டுக்கு வந்து, சுவரிலோ மரப்பெட்டியிலோ தங்கிவிட்டவற்றுக்கே இந்த ஏற்பாடு.

வட அமெரிக்காவில் தோலுக்கு முத்திரையிடுவது முற்றிலும் வேறு காரியம். அங்கே பாப்கேட், லின்க்ஸ் ஆகிய காட்டுப்பூனைகளை உரிமம் பெற்று வேட்டையாடலாம். வேட்டைக்காரர் குறித்த நாள்களுக்குள் தோலை அரசின் வனவிலங்குத் துறையிடம் கொண்டுபோய்க் காட்டி எண்ணிட்ட பட்டையைப் பூட்டிக்கொள்ள வேண்டும். விலங்கின் வயதைக் கணிக்கச் சில மாநிலங்களில் பல்லையோ தாடையையோ வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுப் பூனை நீங்கலாகப் பூனைக் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் இருப்பதால், அந்தப் பட்டை இல்லாத தோல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. அங்கே முத்திரை விழுந்தால் தோல் சரக்காகிறது. இங்கே முத்திரை விழுந்தால் அது இனி ஒருபோதும் சரக்காக முடியாது. 1976இல் இந்தியாவும் அதே உடன்படிக்கையில் சேர்ந்தது என்றாலும், உள்நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையானது.

மலையும் ஜமீனும்

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, காரையாறு, பாபநாசம் வழியாகச் சமவெளிக்கு இறங்கும் சரிவுகளில் பெரும்பகுதி இப்போது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. 1988இல் இரண்டையும் சேர்த்து, ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர் பரப்பில் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. புலி, சிறுத்தையோடு காட்டுப்பூனை, சிறுத்தைப்பூனை, ஒன்றரைக் கிலோ அளவே எடை தேறும் துருப்புள்ளிப் பூனை ஆகியவையும் இங்கே உண்டு.

இந்த மலையின் ஒரு பகுதி முன்பு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. 1929இல் மாஞ்சோலைப் பக்கத்தில் 8,373 ஏக்கரை ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்குக் கொடுத்தது. தேயிலைத் தோட்டங்கள் எழும்பின. ஜமீன்தார், அவர் விருந்தாளிகள், வெள்ளைக்கார அதிகாரிகள், தோட்டத்துத் துரைமார் என்று துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அன்று வேட்டை கௌரவமான பொழுதுபோக்கு. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் காட்டை அரசிடம் சேர்த்தது. வீட்டுச் சுவரில் தொங்கிய தோலைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முன்பே அரசாங்கம் தோலோடு உறவு வைத்திருந்தது, வேறு மாதிரியாக. ஆங்கிலேயர் ஆட்சியில் புலியையும் சிறுத்தையையும் கொன்றவருக்கு வெகுமதி உண்டு. கொன்றதற்கு அத்தாட்சியாகத் தோலையோ தலையையோ அதிகாரியிடம் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம். 1875 முதல் 1925 வரையான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் 80,000க்கு மேற்பட்ட புலிகளும் 1,50,000க்கு மேற்பட்ட சிறுத்தைகளும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார். அன்று சர்க்கார் தோலைப் பார்த்தது கொன்றவருக்குக் கூலி கொடுக்க. இன்று பார்ப்பது இன்னொரு தோல் அதன் பெயரில் உள்ளே வந்துவிடாமல் தடுக்க.

தென்னிந்தியப் பெரிய வீடுகளில் உள்ள பாடம் செய்த தலைகள் பல மைசூரின் வான் இன்ஜென் பட்டறையில் தயாரானவை. 1900 வாக்கில் தொடங்கிய அந்த நிறுவனம் 1999இல் மூடப்பட்டது. இடையில் 43,000க்கு மேற்பட்ட புலி, சிறுத்தைகள் அதன் மேசைக்கு வந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. தோலின் பின்பக்கத் துணியிலோ மரப்பலகையிலோ ஒட்டியிருக்கும் பட்டறைச் சீட்டைப் பழசென்று கிழித்துப் போட்டுவிடக் கூடாது. தோலின் காலத்தை நிறுவ இதைவிட நல்ல சாட்சி அமைவது அரிது.

சட்டம் கேட்பது என்ன

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, முதல் அட்டவணையிலும் இரண்டாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியிலும் வரும் விலங்குகளின் பாடம் செய்யாத பொருள்கள், உப்பிட்டோ காயவைத்தோ வைத்த தோல்கள் ஆகியவற்றை வைத்திருந்தவர்கள், சட்டம் நடைமுறைக்கு வந்த 30 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்றது. புலியும் சிறுத்தையும் முதல் அட்டவணை, காட்டுப்பூனை முன்பு இரண்டாவது. ஆனால் 1970களில் அரசிதழ் படித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எத்தனை? அறிவிக்காமல் விட்டவர்கள் எல்லாரும் கள்ளத்தனம் செய்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு அது பொருளாகவே தோன்றவில்லை. வீட்டின் பாகமாக இருந்தது.

இதை உணர்ந்துதான் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 40அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்கீழ் 2003 ஏப்ரல் 18 அன்று மத்திய அரசு இருப்பு அறிவிப்பு விதிகளை வெளியிட்டு 180 நாள் அவகாசம் தந்தது. அந்தக் காலத்துக்குள் தாமாக முன்வந்து அறிவித்தவர்களுக்கு அதுவரை அறிவிக்காமல் வைத்திருந்ததற்காக நடவடிக்கை இல்லை. அந்தக் கதவு அதே ஆண்டு அக்டோபரில் மூடியது. இன்று பரண் மேலிருந்து திடீரென ஒரு தோல் கிடைத்தால், 2003இல் எங்கே இருந்தது என்பதே முதல் கேள்வி.

கேள்விக்குப் பதில் சொல்லும் பாரமும் வைத்திருப்பவர் தலையில்தான். 57ஆம் பிரிவின்படி, ஒருவர் கையில் விலங்குப் பொருள் இருப்பது உறுதியானால், மாறாக நிறுவும்வரை அது சட்டவிரோதமாக வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். முதல் அட்டவணை விலங்கு என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை; அபராதம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தது 25,000 ரூபாய். சான்றின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

கணக்கெடுப்பு

அறிவிப்பு வந்ததும் 41ஆம் பிரிவின்படி முன்னறிவிப்புக் கொடுத்து, அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், விசாரிக்கலாம், பட்டியல் எடுக்கலாம், குறி இடலாம். பொருள் என்ன, எத்தனை, அளவு என்ன, எப்படி வந்தது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பவை எழுத்தில் வர வேண்டும். முதலில் தீர வேண்டியது விலங்கு எது என்பது. ஊர்ப்பேச்சில் புலி, சிறுத்தை இரண்டுமே புலி என்பதால், ‘தாத்தா சுட்ட புலி’ விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சிறுத்தையாக இருக்கும். சில சமயம் அதுவும் இல்லை. சாயம் பூசிய நாய்த்தோலையும் மாட்டுத்தோலையும் புலித்தோல் என்று விற்று ஏமாற்றிய வழக்குகள் நாடெங்கும் உண்டு. சந்தேகம் வந்தால் சிறு துண்டு ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்துக்கோ டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்துக்கோ மரபணுச் சோதனைக்குப் போகும்.

தோலை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை தரையில் விரித்துப் படம் எடுப்பதில் ஒரு பயன் இருக்கிறது. புலியின் வரிகளும் சிறுத்தையின் புள்ளிகளும் விலங்குக்கு விலங்கு மாறுபடும். ஒரு தோலைக் காட்டிச் சான்று வாங்கி, பிறகு வேறு தோலை அந்த இடத்தில் வைப்பது படத்தோடு ஒப்பிட்டால் வெளியாகிவிடும். குண்டு துளைத்த ஓட்டை, பூச்சி அரித்த காது, பின்னால் தைத்த கம்பளித் துணி எல்லாம் குறிப்பில் ஏற வேண்டியவை. கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் பாதம். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு என்று நகம் மொத்தம் பதினெட்டு. பேரன் கழுத்தில் போட இரண்டைக் கழற்றித் தங்கம் கட்டியது வீட்டார் நினைவிலேயே இருக்காது. சட்டத்தின் விளக்கப்படி தோலும் நகமும் பல்லும் தனித்தனியாகவே வேட்டைப்பொருள்கள். தோலுக்குச் சான்று இருக்கிறது என்பதால் பதக்கம் தப்பிவிடாது. பெங்களூரில் 2023 அக்டோபரில் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பங்கேற்பாளர் ஒருவர் புலிநகப் பதக்கத்துக்காகக் கைதானபோது, தெற்கே பல வீடுகளில் நகைப்பெட்டிகள் அவசரமாகத் திறக்கப்பட்டிருக்கும்.

இட்ட குறியை அழிப்பதும் போலியாக இடுவதும் குற்றம். மூல ஆவணமோ சான்று எண்ணோ இல்லாமல் குறி மட்டும் இருந்தால் பயனில்லை.

காகித வேலையில் பிசகு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கேரளத்தில் நடிகர் மோகன்லாலின் யானைத்தந்த வழக்கு எடுத்துக்காட்டு. தந்தமும் இதே 40, 42ஆம் பிரிவுகளில்தான் வருகிறது. தனியாக அவகாசம் தந்து மாநில அரசு பிறப்பித்த ஆணையின் பேரில் 2016இல் அவருக்கு உரிமைச் சான்று கிடைத்தது. அந்த ஆணை அரசிதழில் வெளியாகவில்லை என்பதால் ஆணையும் சான்றும் செல்லாது என்று 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாரிசு, மாற்றம், ஒப்படைப்பு

2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சான்று இல்லாத ஒருவர் இத்தகைய பொருளைப் பெற ஒரே வழி வாரிசுரிமை. அப்படிப் பெற்றவர் 90 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுபடியும் விசாரணை, பட்டியல், சான்று. 90 நாள் என்பது கேட்க நீளம், நடப்பில் குறுகல். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, அண்ணன் தம்பிகளுக்குள் யார் வீட்டில் தோல் இருப்பது என்று பேசி முடிப்பதற்குள் நாள் ஓடிவிடும். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வராவிட்டாலும் அறிவிப்பை முதலில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். அறிவிப்புக்குத்தான் கெடு, சான்றுக்கு அல்ல.

சான்று பெற்றவர் விற்கக் கூடாது; பணமோ வணிகப் பயனோ கிடைக்கும் எந்த வகையிலும் கைமாற்றக் கூடாது. கல்லிடைக்குறிச்சி வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ குடிபெயர்கிறவர் தோலையும் கொண்டுபோனால், 30 நாள்களுக்குள் அந்த மாநிலத் தலைமைக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற உயிரியல் பூங்காக்களுக்கும் பொது அருங்காட்சியகங்களுக்கும் அறிவிப்புக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. தனியார் அரண்மனையில் பார்வையாளருக்குத் திறந்துவைத்த கூடம் அந்த விலக்கில் தானாக வந்துவிடாது.

வைத்துக்கொள்ள விருப்பம் இல்லாதவருக்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 42அ பிரிவில் வழி தந்தது. ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொருளை ஒப்படைக்கலாம்; சான்று ரத்தாகும், பொருள் மாநில அரசின் சொத்தாகும், இழப்பீடு கிடையாது. சான்றே இல்லாதவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதுதான் இதன் பெரிய ஓட்டை. பயந்துபோய்த் தோலை இரவோடு இரவாக ஆற்றங்கரையில் எரித்துவிடுகிறவரை இது தடுக்கவில்லை. அப்படி எரிப்பது பழைய வேட்டை பற்றிய ஓர் ஆதாரத்தையும் சேர்த்து அழிக்கிறது.

இன்று சாகும் விலங்கு

2024 மே மாதம் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்திலும் அனவன்குடியிருப்பிலும் ஊருக்குள் வந்த சிறுத்தைகளை வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்தது. இப்படி இறங்கிவரும் விலங்கை ஒருவர் தற்காப்புக்காகக் கொல்ல நேர்ந்தாலும், 11ஆம் பிரிவின்படி உடல் அரசுக்கே சொந்தம். காட்டில் செத்துக் கிடந்ததன் தோலோ நகமோ எப்படிக் கைக்கு வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். புலி இறந்தால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நடைமுறைப்படி கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்து, மாதிரிகள் எடுத்து, சாட்சிகள் முன்னிலையில் தோல், எலும்பு, நகம் உட்பட உடல் முழுவதும் எரிக்கப்படுகிறது. எரிவது படமாகவும் பதிவாகிறது.