டார்ச் விளக்கு

போன வருஷம் எங்கள் வீட்டு நாய் செத்துப்போயிற்று. தாம்பரத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டி விளக்கில்லாத பாதை ஒன்று இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதோடு அங்கே போய் வருவது வழக்கம். அன்று புல்லுக்குள் மூக்கை நுழைத்தது, உடனே திரும்பியது, அவ்வளவுதான். விடியற்காலையில் கால்கள் துவண்டு கிடந்தது. கட்டுவிரியனாக இருக்கும் என்றார் டாக்டர். கடித்த அடையாளம்கூட அகப்படவில்லை. அந்தப் பாம்பின் பல் அவ்வளவு சிறியது.

வேறு நாய் வந்ததும் முதல் காரியமாக ஒரு பெரிய டார்ச் வாங்கினேன். ஆயிரம் லூமன் வெளிச்சமாம். எங்கள் வீட்டில் இருந்த பழைய இரண்டு செல் டார்ச் பத்துப் பதினைந்து லூமன் கொடுத்திருந்தால் அதிகம்.

இந்த விளக்குக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் 1899-இல் இதற்குப் பேடண்ட் வாங்கினார். அப்போதைய பாட்டரியும் கரி இழை பல்பும் தொடர்ந்து எரியத் திராணியற்றவை. ஒரு நிமிஷம் அடித்தால் அணைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். அமெரிக்கர்கள் அதை 'பிளாஷ் லைட்' என்று அழைத்தது அதனால்தான். அதாவது, பெயரே ஒரு குறையைச் சொல்வது. முதலில் உபயோகித்தவர்களில் நியூயார்க் போலீஸ்காரர்களும் உண்டு.

எவரெடி பாட்டரி 1905-இல் கல்கத்தாவில் வந்து இறங்கியது. 1939-இல் காசிப்பூரில் தொழிற்சாலை, 1952-இல் சென்னையில் இன்னொன்று. இதற்கிடையில், 1931 மே மாதம், கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டார்கள். 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரியும் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு வந்துவிட்டது. ரயிலில் மின்சாரம் ஓடியது. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடப்பவனுக்குப் பல தெருக்களில் நிலவுதான் துணை. கையில் டார்ச் வைத்திருந்தவன் கொஞ்சம் வசதியுள்ளவன். பாட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவது எல்லா வீட்டிலும் நடந்தது.

அந்தக் கம்பெனி பிற்பாடு யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1984 டிசம்பரில் போபால் மக்கள் இருட்டில் மூச்சுத் திணறி ஓடியது அதன் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து கசிந்த வாயுவினால்தான். பழைய பித்தளை டார்ச்சைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வந்துவிடுகிறது. டார்ச் என்ன செய்யும், பாவம்.

இப்போதைய வெளிச்சம் வேறு வம்சம். ஜப்பானில் நாகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். வெள்ளை வெளிச்சம் அதிலிருந்து பிறந்தது. 2014-இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

என் ஆயிரம் லூமனை ஏரிக்கு அக்கரை வரை வீசிப் பார்த்தேன். பனைமரம் தெரிந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் கண் கூசி இறங்கிவிட்டார். புதரில் பச்சையாக இரண்டு கண்கள் மின்னின. பூனை. நாய், பூனை, மரநாய் இவற்றுக்கெல்லாம் விழிக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பாம்புக்கு அது கிடையாது. எத்தனை லூமன் அடித்தாலும் அதன் கண் மின்னாது. கட்டுவிரியனோ கறுப்பு, தார் ரோடும் கறுப்பு.

இது தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்திலேயே இருந்தார்கள். ரோமுலஸ் விட்டேகர் தம் பாம்புப் பண்ணையை முதலில் ஆரம்பித்தது சேலையூரில். 1972-இல்தான் அது கிண்டிக்குப் போயிற்று. அவருக்குப் பாம்பு பிடித்துத் தந்தவர்கள் இருளர்கள். 1978-இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, வடநெம்மேலியில் விஷம் எடுக்கிறார்கள். கடிபட்டவனுக்குப் போடும் மருந்துக்கு அதுதான் மூலப்பொருள்.

சைக்கிள்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்: "எதுக்கு சார் அவ்ளோ தூரம் அடிக்கிறீங்க? கால் வைக்கிற எடத்துக்கு அடிங்க."

டார்ச்சைத் தாழ்த்தினேன். அதில் மங்கலாக எரிய ஒரு பித்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். நாயின் கயிற்றையும் சுருக்கிப் பிடித்துக்கொண்டேன். புல் பக்கம் இழுத்தது. விடவில்லை.