நடைப்பிணங்களும் உடன்பிழைத்தோரும்

நடைப்பிணம் என்ற சொல் தமிழுக்குப் புதியதன்று. உயிர் இருந்தும் உணர்வற்றுத் திரிபவனை நம் மக்கள் அவ்வாறு அழைத்தனர். ஆயினும் மேலைநாட்டுத் திரைப்படங்கள் இச்சொல்லுக்கு வேறொரு பொருளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. கொள்ளைநோய் ஒன்று பரவுகிறது. மாண்டோர் எழுந்து நடக்கின்றனர். எஞ்சிய சிலர் ஒரு வேலிக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றனர். கதை வளர வளர, வேலிக்கு வெளியே திரியும் பிணங்களைவிட வேலிக்குள் உடனிருக்கும் மனிதரே கொடியவர் என்பது புலனாகிறது. நம் மாணவர் இக்கதைகளை ஆவலோடு பார்க்கின்றனர். ஆபத்துக் காலத்தில் மனிதனுக்கு மனிதனே பகைவன், அதுவே இயற்கை என்ற பாடத்தையும் அவற்றோடு சேர்த்தே பெற்றுக்கொள்கின்றனர். இப்பாடம் மெய்தானா என்பதை வரலாற்றின் முன் நிறுத்தி விசாரிப்பது நமது கடமையாகும்.

இக்கதைக்கே ஒரு வரலாறு உண்டு. அது ஹெயிட்டித் தீவில் பிறந்தது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் மாட்டைப்போல் உழைத்து மாண்டனர். இறந்த பின்னும் தனக்கு விடுதலை இல்லை, பிணமாகவும் எசமானுக்கு உழைத்தாக வேண்டும் என்ற அடிமையின் அச்சமே ‘சோம்பி’ என்ற உருவமாயிற்று என ஆராய்ச்சியாளர் கருதுவர். 1791இல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் தம் நாட்டை விடுதலை செய்தனர். 1968இல் ஜார்ஜ் ரொமெரோ என்ற அமெரிக்க இயக்குநர் உயிர்பெற்ற பிணங்களைப் பற்றி எடுத்த படத்தில், இரவெல்லாம் அவற்றோடு போராடிப் பிழைத்த கறுப்பு மனிதன், விடிந்ததும் அவனைக் காக்க வந்த வெள்ளையரின் துப்பாக்கிக்கே இரையாகிறான். ஆகவே, ‘உடன்பிழைத்தோரே ஆபத்து’ என்ற கூற்று தொடக்கத்தில் மனித இயல்பைப் பற்றியதாக இருக்கவில்லை. யார் கையில் துப்பாக்கி, யார் முதுகில் நுகம் என்பதைப் பற்றியதாகவே இருந்தது.

இந்த விசாரணைக்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையின் புத்தளம் மாவட்டத்துக் கரையோரமே போதுமானது. கற்பிட்டித் தீபகற்பம் மேற்கே கடலுக்கும் கிழக்கே களப்புக்கும் இடையில் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்றிட்டு. பள்ளிவாசல்துறை அதிலுள்ள ஊர்களுள் ஒன்று. தொழுகைக்கும் தோணிக்கும் இடம் தந்த கரை என்பதை ஊரின் பெயரே சொல்கிறது. தமிழ் பேசும் முஸ்லிம்களும், கத்தோலிக்க மீனவரும், சிங்கள மக்களும் கடலையும் மணலையும் நம்பி வாழ்ந்துவரும் கரையோரம் இது. முப்பதே ஆண்டுகளில் மூன்று பேராபத்துகள் இக்கரையைத் தொட்டன. மூன்றிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மக்களை வதைத்தது ஆபத்தா, உடன்பிழைத்தோரா?

முதலாவது, போர். 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீட்டையும் நிலத்தையும் கடையையும் விட்டு வெறுங்கையோடு புறப்பட்டனர். மன்னார்த் தீவினர் படகேறிக் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவர்களை வெளியேற்றியவர்கள் யார்? அதே குண்டுவீச்சுக்கு அஞ்சி அதே பதுங்குகுழியில் ஒடுங்கிய மக்களின் பெயரால், அதே மொழியைப் பேசிய கைகள். ஒரே வேலிக்குள் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் உளவாளிகள் என முத்திரை குத்தப்பட்டனர். அயலவரான தமிழரிற் பலர் கண்ணீரோடு வழியனுப்பினர் என்பதும் உண்மை. ஆயுதத்தின் முன் அக்கண்ணீர் வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை. 2002இல் அவ்வியக்கத்தின் தலைமையே அதனைத் தவறென ஒப்புக்கொண்டது. அதற்குள் அகதி முகாமில் பிறந்த குழந்தைகள் பள்ளி மாணவராகிவிட்டனர்.

கரை அவர்களை ஏற்றுக்கொண்டது. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் திறந்தன. ஊரார் உலை வைத்தனர். ஆலங்குடா போன்ற ஊர்களில் தென்னந்தோப்புகள் முகாம்களாயின. ஆனால் விருந்து மாதங்களைத் தாண்டி ஆண்டுகளானபோது உரசல் தோன்றியது. வகுப்பறையில் இடம், கிணற்றில் தண்ணீர், வெங்காயத் தோட்டத்தில் தினக்கூலி ஆகிய மூன்றிலும் போட்டி மூண்டது. வந்தவர் குறைந்த கூலிக்கும் இசைந்தனர். இருந்தவரின் கூலி இறங்கியது. இதனை மனித மனத்தின் சிறுமை என்று கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஏழை மாவட்டம் ஒன்றின் தலையில் பல்லாயிரம் ஏழைகளை ஏற்றிவிட்டு, அதற்கேற்ற பள்ளியையும் குழாய்நீரையும் தராது அரசு காலங்கடத்தியதே அவ்வுரசலின் வேர். ஒரே மதம், ஒரே மொழி என்ற உறவுங்கூட வெறும் வயிற்றின் முன் தளர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, குண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மதவெறியர் நிகழ்த்திய தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதே மேற்குக் கரையில், நீர்கொழும்பை அடுத்த கட்டுவப்பிட்டியவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த எளிய மக்கள் சிதறிப்போயினர். துயரம் ஆறுமுன்னரே, மே 12இல் சிலாபத்தில் முகநூற் குறிப்பொன்றைச் சாக்காக வைத்துக் கலகம் தொடங்கியது. மறுநாள் ஊரடங்கு அமலில் இருந்தபோதே வடமேல் மாகாணமெங்கும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் மரவேலை செய்து பிழைத்த ஒரு தொழிலாளி தம் குடும்பத்தாரின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். குண்டு வைத்தவர்களுக்கும் இந்தத் தச்சருக்கும் மதத்தின் பெயரைத் தவிர வேறு யாதொரு தொடர்பும் இல்லை.

மூன்றாவது, நோய். கதையில் வரும் கொள்ளைநோயும், பிணத்தைக் கண்டு அஞ்சும் அச்சமும் இப்போது நேராகவே வந்தன. 2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது முதன்முதலாக ஊரடங்கு விதிக்கப்பட்ட பகுதிகளுள் புத்தளமும் சிலாபமும் இருந்தன. இலங்கையில் அந்நோயால் முதலில் இறந்தவர் இம்மாவட்டத்து மாறவிலயைச் சேர்ந்தவரே. அம்மாத இறுதியில் நீர்கொழும்பில் முஸ்லிம் ஒருவர் மாண்டபோது, குடும்பத்தினரின் விருப்பத்துக்கு மாறாக அவருடைய உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, நோயால் இறந்தோர் அனைவரையும் 800 முதல் 1,200 பாகை வெப்பத்தில் எரித்தே ஆக வேண்டுமெனச் சட்டமாக்கியது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவையே என்று உலகச் சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே அறிவித்திருந்தது. ஆயினும் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்ற காரணம் கூறப்பட்டது. உயிருள்ள உயிரணுவுக்கு வெளியே இந்நுண்ணுயிர் பெருகாது. புதைத்த உடலிலிருந்து நீர்வழியே பரவும் என அஞ்சுதற்கு இடமில்லை என்று நுண்ணுயிரியல் அறிஞர் மலிக் பீரிஸ் எடுத்துரைத்தார். நாட்டின் மருத்துவர் சங்கங்களும் பின்னர் அதையே கூறின. 2020 டிசம்பர் முதல் நாளன்று உயர் நீதிமன்றம், புதைக்கும் உரிமை கோரிய மனுக்களைக் காரணம் கூறாமலே பெரும்பான்மைத் தீர்ப்பால் தள்ளிவிட்டது. சில நாட்களில் பிறந்து இருபதே நாளான சிசுவொன்று பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளையில் எரிக்கப்பட்டது. அம்மயானத்தின் வேலிக் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்ற பேதமில்லாமல் பலரும் வந்து கட்டினர். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன.

கற்பிட்டி மணலில் கிணறு தோண்டுவோர்க்கு நிலத்தடி நீரைப் பற்றிப் பிறர் பாடம் சொல்லத் தேவையில்லை. மணலுக்கடியில் மிதக்கும் அந்த மெல்லிய நன்னீர்ப் படலமே அவர்களின் உயிர். தோட்டங்களில் அளவின்றி இடப்படும் உரத்தால் அந்நீரில் நைட்ரேட் கூடிவிட்டது என்று 1980களிலிருந்தே ஆய்வுகள் எச்சரித்துவந்தன. இந்த மெய்யான கேட்டுக்காக நாடு ஒருபோதும் இவ்வளவு பதறவில்லை. இல்லாத கேட்டுக்காகப் பெற்றோரின் கையிலிருந்த சிசு பறிக்கப்பட்டது. ஆகவே அங்கே எரிந்தது அறிவியலின் பெயரால் மூட்டப்பட்ட வேறொரு தீ.

இது சிங்களப் பேரினவாதத்துக்கு மட்டுமே உரிய குணம் என்று தமிழர் மனநிறைவு கொள்ளவும் வழியில்லை. அதே ஏப்ரலில், 19ஆம் நாளிரவு, சென்னையில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து அந்நோயாலேயே மாண்ட மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லும் தடியும் கொண்டு தாக்கியது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் திரும்பி வந்து, தாமே மண்ணைத் தள்ளிக் குழியை மூட நேர்ந்தது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. சென்னையில் அஞ்சிய கூட்டத்தைச் சட்டம் தண்டிக்க முயன்றது. கொழும்பில் அச்சமே சட்டமாயிற்று. அச்சம் சட்டமாகும்போது யாருக்கு ஆதாயம் என்று கேட்பது வரலாற்று மாணவனின் முதல் வேலை. 1349 பெப்ரவரி 14இல், பெருங்கொள்ளைநோய் ஐரோப்பாவை உலுக்கிய காலத்தில், ஸ்திராஸ்பூர் நகரத்து யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் எனக் குற்றஞ்சாட்டி எரிக்கப்பட்டனர். அன்றுவரை நோய் அந்நகரை எட்டியிருக்கவே இல்லை. அவர்களை எரித்த பின் நகரத்தார் அவர்களிடம் பட்டிருந்த கடன்கள் நீக்கப்பட்டன. அவர்தம் பணம் பங்கிடப்பட்டது. கிணற்றில் நஞ்சு என்ற பழைய பொய்யே அறுநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் நிலத்தடி நீர் என்ற புதிய உடையில் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. இம்முறை தீர்ந்தது கடன் அன்று. வேலையிழப்பும் விலையேற்றமும் பற்றி மக்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் திசைதிருப்பப்பட்டன.

இவ்வச்சம் எளியவரை எளியவரோடு மோதவிடும் விதத்தையும் காண்க. உலகின் கண்டனம் முற்றியபின், 2021 பெப்ரவரி இறுதியில் அரசு புதைக்க அனுமதித்தது. இடமாக முதலிற் குறிக்கப்பட்டது இரணைதீவு. 1992இல் போரால் விரட்டப்பட்டு, நெடுங்காலம் போராடி 2018இல் தம் தீவுக்குத் தாமே படகேறித் திரும்பிய தமிழ்க் கத்தோலிக்க மீனவர்களின் மண் அது. ஓர் ஒடுக்கப்பட்ட கூட்டத்தின் பிணத்தை மற்றோர் ஒடுக்கப்பட்ட கூட்டத்தின் வாசலில் இறக்கி வைக்கும் சூழ்ச்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மீனவர் எதிர்த்தனர், அரசு பின்வாங்கியது. மார்ச் 5 முதல் கிழக்கே ஒட்டமாவடி மஜ்மா நகரில் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. ஓராண்டில் அங்கே அடங்கியோர் 3,634 பேர். அவர்களில் 642 பேர் பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் ஆவர். எரியூட்டும் ஆணை முஸ்லிம்களை மட்டும் புண்படுத்தவில்லை என்பதற்கு அந்தக் கல்லறைகளே சாட்சி. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்பது அரசே தந்த கணக்கு.

அப்படியாயின், ஆபத்தில் மனிதனுக்கு மனிதனே ஓநாய் என்று ஒப்புக்கொள்வதா? இதே மண் வேறொரு விடையையும் தந்திருக்கிறது. 1934இல் மழை பொய்த்தது. சிலாபத்தருகே கடலில் கலக்கும் தெதுறு ஓயா உட்பட ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டு அக்டோபரில் மூண்ட மலேரியா ஏழு மாதங்களில் சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் கூலியும் கொப்பறா விலையும் சரிந்து, முன்பே பட்டினியால் உலர்ந்திருந்த உடல்களில் அந்நோய் எளிதாகப் புகுந்தது. அப்பொழுது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் நோயாளிகளை விட்டு ஓடவில்லை. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் மருந்தும் அரிசியும் பருப்பும் சுமந்து கிராமம் கிராமமாக நடந்தனர். ‘பருப்பு மாத்தையா’ என்று மக்கள் பெரேராவுக்குச் சூட்டிய பெயர் எந்தப் பட்டத்தினும் உயர்ந்தது. நோய்க்குக் காரணம் பக்கத்து வீட்டான் அல்லன், பசியே என்று அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1935 டிசம்பரில் நாட்டின் முதல் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு அந்த நடையும் ஒரு காரணம்.

ஆபத்து தானாக மனிதனை ஓநாயாக்குவதில்லை என்பதே நாம் காணும் உண்மை. பஞ்சமும் போரும் நோயும் மக்களைத் திகைக்க வைக்கின்றன. அத்திகைப்பு எப்பக்கம் திரும்பும் என்பதை முடிவு செய்வது, அவர்களிடையே முன்னரே வேரூன்றியிருக்கும் அமைப்பு. பகை விதைத்தவன் அங்கிருந்தால் அது அயலவன்மேல் பாய்கிறது. பருப்பு மூட்டை சுமந்தவன் அங்கிருந்தால் அது ஒன்றுபட்ட உழைப்பாகிறது. 1990இல் அகதிக்குக் கதவு திறந்த கற்பிட்டி மக்களும், 2020இல் பொரளையில் வெள்ளைத் துணி கட்டியவரும் இந்த இரண்டாம் வழியின் மக்களே. அவர்கள் குறைவாக இருந்தனர் என்பதன்று குறை. அமைப்பாக இருக்கவில்லை என்பதே குறை.

வகுப்பறையில் மாணவன் நடைப்பிணக் கதையைச் சொன்னால் ஆசிரியர் அவனைத் தடுக்க வேண்டியதில்லை. கதையை முழுதும் கேட்கட்டும். பின்னர், வேலியைக் கட்டியவன் யார், துப்பாக்கியைத் தந்தவன் யார், உணவறையின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை அவன் முன் வைக்கட்டும். அடுத்த கொள்ளைநோய் என்று வரும் என்பதை எவரும் அறியார். அது வரும் நாளில் புத்தளத்துக் கரையிலும் சென்னைத் தெருவிலும் யார் யாரைக் காப்பார் என்பது, இன்று அந்த மாணவன் தேடிக் காணும் விடையைப் பொறுத்தது.