வளர்ப்பு ஆமைக்குச் சிறு காயமா? ஆட்டு மாட்டு மருந்து வேண்டாம்: வீட்டு முதலுதவி முறைகள்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் கண்ணாடித் தொட்டியில் ஆமை வளர்க்கும் வீடுகள் உண்டு. கிராமத்தில் நம் வயலிலும் கிணற்றிலும் ஏரிக்கரையிலும் ஆமை தானாகவே வரும். அங்கே மாடியிலிருந்து விழுந்தோ நாய் கடித்தோ காயம் படுகிறது. இங்கே மண்வெட்டி, ரோட்டவேட்டர், மீன் வலை, தூண்டில் முள் ஆகியவற்றால் காயம் படுகிறது. இரண்டு இடத்திலும் நாம் செய்யும் தவறு ஒன்றுதான். கையில் இருக்கும் ஆட்டு மாட்டு மருந்தை எடுத்துப் போட்டுவிடுகிறோம். சிறு காயத்தில் பிழைத்திருக்க வேண்டிய ஆமை, மருந்தால் செத்துப்போகும்.

ஓடும் உயிருள்ள உறுப்பே

ஆமையின் ஓடு நத்தைக் கூடு போன்றதல்ல. அது எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஓட்டில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உண்டு, அடிபட்டால் வலிக்கும். நுரையீரல் மேல் ஓட்டுக்கு நேர் கீழே இருப்பதால், முதுகில் விழும் விரிசலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எது சிறு காயம்?

தோலில் சிராய்ப்பு, நகம் உடைதல், ஓட்டின் மேல் கீறல், ஓரத்தில் சிறு துண்டு பெயர்தல் ஆகியவற்றை வீட்டில் கவனிக்கலாம். கீழ்க்கண்டவை சிறு காயம் அல்ல. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

• சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காதது
• ஓட்டு விரிசல் அசைவது, உள்ளே சதை தெரிவது, காயத்தில் காற்றுக் குமிழி வருவது
• நாய் கடித்த காயம் (வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும்)
• பின்னங்கால்கள் துவண்டு கிடப்பது
• நீரில் ஒரு பக்கம் சாய்ந்தே மிதப்பது, வாயைத் திறந்து மூச்சு விடுவது
• கெட்ட வாடை, புழு, அல்லது தயிர்க்கட்டி போன்ற சீழ் (ஆமைக்குச் சீழ் நீராக வராது, கட்டியாகத்தான் இருக்கும்)
• வாயில் அல்லது தொண்டையில் தூண்டில் முள் (இழுக்கக் கூடாது, நரம்பைச் சற்று நீளமாக விட்டு வெட்டி, அப்படியே கொண்டு செல்லவும்)

முதலுதவி செய்யும் முறை

1. இரண்டு கைகளாலும் ஓட்டின் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கவும். பாலாமையின் கழுத்து நீளமானது, திரும்பிக் கடிக்கும். பின்பக்க ஓரத்தைப் பிடிப்பது நல்லது.

2. மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் நீரால் காயத்தைக் கழுவவும். இல்லாவிட்டால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கரைத்துப் பயன்படுத்தலாம். மண், பாசி எல்லாம் போகும்வரை மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது.

3. 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசல் 1 பங்குக்கு 9 பங்கு நீர் கலக்கவும். நிறம் பால் கலக்காத இளம் தேநீர் போல இருக்க வேண்டும். இதைப் பஞ்சில் நனைத்துத் தினம் இருவேளை காயத்தில் ஒற்றவும். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது.

4. நீர் ஆமையாக இருந்தாலும் காயம் ஆறும்வரை பெரும்பாலான நேரம் தண்ணீருக்கு வெளியே வைக்க வேண்டும். அகலமான பிளாஸ்டிக் டப்பில் ஈரத்துணி விரித்து விடவும். துணி அடிவயிற்றுக்கு ஈரம் தரும், காயம் உலர்ந்தே இருக்கும். நீர் ஆமைகள் தண்ணீருக்குள்தான் இரை விழுங்கும். ஆகவே தினம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சுத்தமான ஆழமில்லாத நீரில் விட்டு, உணவு கொடுத்து, பிறகு காயத்தைத் துடைத்து மருந்து போடவும்.

5. ஈ மொய்க்காமல் டப்பின் மேல் கொசு வலை கட்டவும். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

6. காலை இளவெயில் 20 நிமிடம் நல்லது. ஒதுங்க நிழல் இருக்க வேண்டும். மதிய வெயிலில் வைத்தால் ஆமை சூடேறிச் சாகும்.

ஆமைக்குக் காயம் மெதுவாகத்தான் ஆறும். தோல் காயத்துக்குச் சில வாரமும், ஓட்டுக் காயத்துக்குப் பல மாதமும் ஆகலாம். அவசரப்பட்டு மருந்தை மாற்ற வேண்டாம்.

செய்யவே கூடாதவை

• ஐவர்மெக்டின்: ஆடு மாடுகளுக்கு உண்ணி, குடற்புழுவுக்குப் போடும் இந்த மருந்து ஆமைக்கு நஞ்சு. நரம்பைத் தாக்கி, கைகால் செயலிழந்து, மூச்சு நின்று இறந்துவிடும். ஊசியாகவும் வேண்டாம், வாய்வழியாகவும் வேண்டாம், மேலே தடவவும் வேண்டாம்.
• காயத்தில் புழு இருந்தால் டர்பன்டைன், கற்பூர எண்ணெய், மாட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. சுத்தமான இடுக்கியால் எடுத்து, சலைனால் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லவும்.
• டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சாம்பல் வேண்டாம்.
• ஓட்டு விரிசலை எம்சீல், ஃபெவிக்விக் கொண்டு ஒட்டக் கூடாது. கிருமி உள்ளேயே அடைபட்டுப் பரவும்.
• ஆட்டுக்குப் போடும் ஆன்டிபயாட்டிக்கை அளவு குறைத்துப் போடுவதும் தவறு. ஆமையின் எடைக்கு ஏற்ப மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.
• பால், பால்சோறு கொடுக்கக் கூடாது.

நாட்டு ஆமையை வீட்டில் வைக்கலாமா?

கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் பாலாமையும் நட்சத்திர ஆமையும் உள்ளன. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'வீட்டில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம்' என்று கேட்கும் சென்னை உறவினருக்கு ஊரிலிருந்து ஆமையைக் கொடுத்தனுப்புவதும் இதில்தான் சேரும்.

காயம்பட்ட நாட்டு ஆமை கிடைத்தால் கழுவி, ஈரத்துணி விரித்த காற்றோட்டமான பெட்டியில் வைத்து, அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கவும். கிடைத்த இடத்தையும் சொல்லவும், குணமானதும் அங்கேயே விட அது உதவும். சென்னையில் கிண்டியில் உள்ள வனத்துறையினரிடம் தெரிவிக்கலாம். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது.

கடைகளில் விற்கும், காதருகே சிவப்புக் கோடு உள்ள சிறிய ஆமை அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமை. மேலே சொன்ன முதலுதவி இதற்கும் பொருந்தும். ஆனால் சலித்துப்போய்க் கோயில் குளத்திலோ, அடையாற்றிலோ, ஊர்க் குட்டையிலோ விட்டுவிடக் கூடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் இது பறித்துக்கொள்ளும்.

விவசாயிகள் கவனத்திற்கு

பாலாமை நத்தை, பூச்சி, செத்த மீன் ஆகியவற்றைத் தின்று வயலையும் குளத்தையும் சுத்தமாக வைக்கும். கோடையில் நீர் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். எனவே குட்டை தூர்வாரும் முன்பும், சேற்று வயலில் ரோட்டவேட்டர் இறக்கும் முன்பும் ஓரங்களை ஒருமுறை பார்த்துவிடவும். தென்பட்டால் அதே நீர்நிலையின் பாதுகாப்பான பக்கம் நகர்த்தி விட்டால் போதும்.

ஆமையின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவவும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொட விட வேண்டாம். ஆமைத் தொட்டியைச் சமையலறையில் கழுவ வேண்டாம்.