மூடிய அறையும் வெள்ளைப் பலகையும்: கொல்கத்தா மாணவரின் நேர்காணல் தயாரிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களின் மென்பொருள் நேர்காணலுக்கு இந்திய மாணவர் தயாராவதை நுழைவுத்தேர்வுப் பயிற்சியின் நீட்சியாகக் காண்பது ஆய்வாளரிடையே ஊறிப்போன வழக்கம். ‘பிளைண்ட் 75’ என்ற நேர்காணல் வினாப் பட்டியலையோ, கேய்ல் லாக்மன் மெக்டவலின் நேர்காணல் தயாரிப்பு நூலிலுள்ள 189 வினாக்களையோ உருப்போடுவதும் பொறியியல் நுழைவுத்தேர்வான ஜாயிண்ட் என்ட்ரன்ஸுக்கு டியூஷன் போவதும் ஒன்றே என்பர். கொல்கத்தாவை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் பாதிதான் நிற்கிறது.

மறுபாதிக்கான சான்று 2020இல் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளரும் சேர்ந்து 48 கணினியியல் மாணவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் நேர்காண்பவர் பார்த்திருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லியபடி வெள்ளைப் பலகையில் விடை எழுதினர். மற்றவர் தனியறையில் எழுதினர். பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. முன்னவரின் செயல்திறன் பின்னவருடையதில் ஏறத்தாழப் பாதி. நேர்காணல் அளப்பது திறமையையல்ல, பதற்றத்தையே என்று ஆய்வாசிரியர்கள் முடித்தனர். பின்வந்தோரும் பெரும்பாலும் அப்படியே வாசித்தனர்.

அவ்வளவு விரைவாக அந்த முடிவுக்குப் போக முடியுமா என்பது ஐயமே. சோதனை இரண்டை ஒருசேர மாற்றியது: பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார், பேச்சும் கட்டாயமாகிறது. சரிவு எதனால் என்று பிரித்தறிய அதில் வழியில்லை. அச்சம் ஒரு பங்கு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், யோசிக்கும்போதே யோசனையைச் சொற்களாக்குவது தனியொரு வேலை. அதற்குத் தனியாகப் பழக வேண்டும். கொல்கத்தா மாணவருக்குக் கிட்டாதது இந்தப் பழக்கம்தான் என்று கருத இடமுண்டு.

அந்தத் தனியறை அவருக்குப் புதிதல்ல. மேற்கு வங்க நுழைவுத்தேர்வில் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்புகிறார். வந்த வழியை எவரும் கேட்பதில்லை. தேர்வுக்கூடத்திலும் கண்காணிப்பாளர் இருக்கிறாரே என்றால், அவர் பார்ப்பது பிட்டை, படிநிலைகளை அல்ல. வெள்ளைப் பலகை முன்னாலோ வழிதான் முதற்பொருள். விடை பிழைத்தாலும் வழியைக் கொண்டு தேறியவர் உண்டு.

நகரமே மனப்பாடத்தில் ஊறியது என்ற விளக்கமும் எடுபடாது. பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பி.ஸ்டாட். சேர்க்கைக்குக் கொள்குறித் தாளோடு விரிவாக விடையெழுதும் தாளையும் வைத்து, நேர்காணலும் நீண்டகாலம் நடத்திவந்தது. வழியைக் கேட்கும் மரபு இங்கேயே உண்டு. வாய்ப்புப் பெறுவோர்தான் சிலர். ‘அட்டா’ எனும் வங்காள அரட்டைக்குப் பேர்போன ஊருக்குப் பேசத் தெரியாதா என்போருக்கு ஒரு வரி போதும்: அட்டாவில் கடிகாரம் இல்லை.

இடமும் குறுக்கே நிற்கிறது. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் டி.சி.எஸ்., விப்ரோ, காக்னிசன்ட் இருக்கின்றன. கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவற்றின் பெரிய பொறியியல் மையங்களோ பெங்களூரிலும் ஹைதராபாத்திலும். அந்த நேர்காணலைக் கடந்துவந்த சீனியர், வேலைக்காக ஊரைவிட்டே போய்விடுகிறார். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆளில்லாதபோது தயாரிப்பு தனியறைக்கே திரும்புகிறது. போட்ட கணக்குகளின் எண்ணிக்கை ஏறும். வாய் திறந்து ஒன்றையேனும் விளக்கிய பழக்கம் வராது. வீட்டில் வங்காளமும் நேர்காணலில் ஆங்கிலமும் பேசுபவருக்குச் சுமை இரட்டிப்பாகலாம். இது ஊகமே, ஆனால் சோதித்துப் பார்க்கத்தக்க ஊகம்.

நாற்பத்தெட்டுப் பேரைக் கொண்டு, அதுவும் அமெரிக்காவில் நடந்த சோதனை வங்கத்துக்கு எப்படிப் பொருந்தும் என்ற ஆட்சேபம் எளிதில் எழும். இங்கே கடன் பெறுவது அந்த எண்களை அல்ல, சோதனையின் அமைப்பை. பார்ப்பவர் இருந்தும் பேசத் தேவையில்லாத ஓர் அறை, எவருமில்லாமல் ஒலிப்பதிவுக் கருவியிடம் பேசும் இன்னோர் அறை என இரண்டைச் சேர்த்து ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் போன்ற வளாகமொன்றில் இதைத் திரும்ப நடத்தலாம். பேசும் அறையை வங்காளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியாக அமைத்தால் மொழியின் பங்கும் பிரிந்து தெரியும்.